குடும்பத் தலைவருக்குக் கட்டம் இல்லை

காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிடுங்க தம்பி. கிரைண்டர். நழுவி விழுந்தா பாதம் சப்பட்டையாயிரும். கல்லையும் உள்ளேயே வச்சுக் கட்டியிருக்கேன், அதான் இந்தக் கனம். இல்ல இல்ல, கீழ வைக்க மாட்டேன். தரையைப் பாருங்க, வந்தவன் போனவன் செருப்புச் சேறெல்லாம் கெடக்கு. மாவாட்டித் திங்கிற சாமான். மடியிலயே இருக்கட்டும். கடைசி ஸ்டாப் வரைக்கும் போகணும். நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு. இந்த ஃபின்ச் ரோட்டு பஸ்ஸுல ஏறினா பாதி ஆயுசு இதுலயே போயிரும். பேச்சுக்கு ஒரு ஆள் இருந்தா தெரியாது.

தமிழ்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கீங்களா? போன்ல பேசிக்கிட்டு வந்தீங்களே, இந்நேரம் டிரைவருக்கே தமிழ் வந்திருக்கும். "முதத் தடவையா டாக்ஸ் ஃபைல் பண்ணணும்மா, இன்னும் பண்ணல, பயமா இருக்கு"ன்னீங்க. ஊர்ல உக்காந்திருக்கிற அம்மாகிட்டப் போயி கனடா வரியைக் கேக்கீங்க! அவங்களும் பாவம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன்னு சொல்லியிருப்பாங்க. ஏப்ரலோட முடிஞ்ச சோலி தம்பி அது. இப்ப மே மாசக் கடைசி. கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளையா? அதான பாத்தேன். கம்ப்யூட்டர் படிச்சவனுக்குக் காகிதம் தெரியாது.

நான் யாருன்னு சொல்லல பாருங்க. தெய்வசிகாமணி. நம்ம ஊர்ல வரி இலாகா. பதினெட்டு வருஷம் சர்வீஸ், அதுல பாதி செக்போஸ்ட்ல. தார்ப்பாயை அவுக்காமலே லாரிக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லிருவேன். பில்லுல ஒரு எழுத்து மை மாறியிருந்தாலும் கண்ணு தானா அங்க போயி நிக்கும். டிரைவர் தலைத் துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, "ஐயா, கொஞ்சம் பாத்து"ம்பான். நான் நிமிந்தே பாக்க மாட்டேன். அவன் கால் மாத்திக் கால் மாத்தி நிக்கணும், அப்புறம்தான் பாப்பேன். அதுக்குப் பேருதான் நிர்வாகம். அப்புறம் புது வரிச் சட்டம் வந்து செக்போஸ்ட்டையே தூக்கிட்டாங்க. என்னைக் கொண்டுபோய் ரோட்டோரத்து ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் முன்னால உக்கார வச்சாங்க. வெளிய லாரி எல்லாம் என்னைக் கேக்காமலே போகுது. அந்தச் சத்தத்தை நாள் பூராவும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அதைவிட ஒரு தண்டனை இருக்காது.

இங்க வந்து பாத்தா, இவன் நடத்துறதுக்குப் பேரு வரி இலாகாவா? ஆபீசரைக் கண்ணால பாக்க முடியாது. சீல் கிடையாது. நம்ம வருமானத்தை நாமளே சொல்லணுமாம். நாமளே கூட்டணுமாம், கழிக்கணுமாம். அனுப்பினா சரின்னு வாங்கி வச்சுக்கிடுவானாம். சொன்னா நம்பிருவான்! தம்பி, ஒரு மனுஷன் சொல்றதை அப்படியே நம்புற ஆபீசரை என் சர்வீஸ்ல நான் பாத்ததே இல்ல. ஏமாந்த சோணகிரி. நாடே ஏமாந்த சோணகிரி.

எங்க வீட்டம்மா பேரு மங்கையர்க்கரசி. நர்ஸு. அவ பேர்லதான் எங்களுக்கு விசா வந்தது. அதைப் பெருசா எடுத்துக்கிடாதீங்க. இந்த ஊர்க்காரனுக்கு ஊசி போட ஆள் வேணும், ஆபீசர் வேண்டாம், அம்புட்டுத்தான். விசாக் கடிதாசியில அவ பேரு முதல்லயும் என் பேரு அடியிலயும் இருந்தது. கிளார்க் தப்புன்னு அன்னைக்கே சொன்னேன், யாரு கேக்கா? சரி, வந்து இறங்கினா, உடனே நர்ஸா வேலை பாக்க முடியாதாம், இன்னும் பரீட்சை எழுதணுமாம். அதுவரைக்கும் ஒரு முதியோர் இல்லத்துல கிழடுகளைக் குளிப்பாட்டி விடுறா. வேலை முடிஞ்சு வந்து நடையிலயே உக்காந்து காலைத் தேய்ச்சுக்கிட்டு, மடியில பாடப் புத்தகம். நாப்பத்திரண்டு வயசுல பரீட்சை! சிரிப்புத்தான் வரும் எனக்கு.

நானும் சும்மா இருக்கல. ஒரு கிடங்குல வேலைக்குப் போனேன். மூணு வாரம். சூப்பர்வைசர் சின்னப் பய, மீசை முளைக்காதவன், என்னை 'டேவ்'ங்கான். தெய்வசிகாமணி, டேவ்! "டேவ், அந்தப் பெட்டியை எடு." வந்துட்டேன். பொருத்தமான வேலைக்குக் காத்திருக்கேன். அவசரம் ஒண்ணும் இல்ல. யானை படுத்தாலும் குதிரை மட்டம்.

வரிக்கு வாரேன். போன நவம்பர்லயே நான் ஆரம்பிச்சுட்டேன். கடைசி வாரம் ஓடுறவன் வியாபாரி, முன்னக்கூட்டியே எடுத்து வைக்கிறவன் ஆபீசர். லைப்ரரியில பழைய வருஷத்து ஃபாரத்தை ஒரு பிரதி எடுத்துட்டு வந்து, மாதிரிக்கு நிரப்பினேன். பேரு, சரி. விலாசம், சரி. இந்த நாட்டுக்கு வந்த தேதி, சரி. குடும்பத் தலைவர் எங்கடான்னு தேடுறேன், தேடுறேன், கட்டமே இல்ல. முன்னும் பின்னும் புரட்டினேன். ரேஷன் கார்டு, அரிசி சீனி வாங்குற கார்டு, அதுலகூட மேலேயே குடும்பத் தலைவர்னு போட்டோவோட இருக்கும். இம்புட்டுப் பெரிய தேசத்துல இல்ல. எந்த மடையனோ அச்சடிக்கும்போது விட்டுட்டான்னு நெனைச்சு, ஸ்கேல் வச்சு நானே மேல ஒரு கட்டம் போட்டேன். குடும்பத் தலைவர், எஸ். தெய்வசிகாமணி. இங்கிலீஷ்ல, பெரிய எழுத்துல. கீழ மங்கை சம்பளத்தையும் என் வருமானத்துல சேத்துப் போட்டேன். வீட்டுக்குள்ள வர்ற சம்பளம் வீட்டுக்காரன் பேர்லதானே வரும்? அவளுக்குன்னு தனியா ஒரு ஃபாரம் எதுக்கு, காகிதத்துக்குக் கேடு. கையெழுத்தும் ரெண்டு பேருக்கும் நானே போட்டு வச்சேன்.

எங்க மக தர்ஷினி, பதிமூணு வயசு, எட்டிப் பாத்துட்டு, "அப்பா, இங்க ஆளாளுக்குத் தனியாத்தான் போடணும்பா, ஸ்கூல்ல சொன்னாங்க"ன்னா. "வரி இலாகாவுல இருந்தது நீயா நானா?"ன்னேன். புத்தகப் பையை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

சாயங்காலம் மங்கை வேலை முடிஞ்சு வந்தா. கோட்டைக்கூடக் கழட்டல. மேசையில ஃபாரத்தைப் பாத்துட்டு அப்படியே நிக்கா. கண்ணு ஒவ்வொரு வரியாப் போகுது.

"ஏங்க, இதுல நான் எங்க இருக்கேன்?"

"இந்தா, பாரு, கணவன் அல்லது மனைவி பேருன்னு ஒரு வரி இருக்குல்லா, அங்க."

"என் சம்பளம் உங்க பேருக்குக் கீழ இருக்கு."

"குடும்பத்துக்குத் தலைவர் யாரு?"

கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டினா. "தோசை ஊத்தட்டுமா?"ன்னா. அம்புட்டுத்தான், அடங்கிட்டா. பொம்பளைகிட்ட நியாயத்தை எடுத்துச் சொன்னா கேட்டுக்கிடுவா தம்பி. சொல்ற விதத்துல சொல்லணும்.

அன்னைக்குத் தோசை சாப்பிடும்போதுதான் எபநேசர் கதையைச் சொன்னேன். எபநேசர் நம்ம நாசரேத் பக்கம், அந்தக் கிடங்குல எங்கூட வேலை பாத்தவன். அவனும் அவன் பொண்டாட்டியும் ஒரே வீட்டுல, ஒரே பாத்ரூம்ல பல்லு விளக்கிக்கிட்டு, ஃபாரத்துல மட்டும் 'பிரிஞ்சுட்டோம்'னு டிக் போட்டு வச்சிருக்காங்க. எதுக்குங்கீங்க? இங்க பிள்ளைகளுக்குன்னு மாசாமாசம் சர்க்கார் பணம் தருது. வரி ரிட்டர்ன் போட்டாத்தான் அது ஒழுங்கா வரும். தாய் தகப்பன் ரெண்டு பேரு வருமானத்தையும் சேத்துப் பாத்துத்தான் தருவான். பிரிஞ்சுட்டா தாய் வருமானம் மட்டும்தான் கணக்கு, பணம் கூட வரும். நான் காறித் துப்பினேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையால்ல இருக்கு! மானமுள்ள குடும்பம் செய்யுமா? எபநேசர் இளிக்கான். "அண்ணாச்சி, எல்லாம் காகிதத்துல மட்டும்தான் அண்ணாச்சி"ங்கான்.

மங்கை தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே கேக்கா: "பிரிஞ்சுட்டோம்னு சொன்னா, அவங்க நம்பிருவாங்களா?"

"சொன்னா நம்பிருவான். இவனுக்கு என்ன தெரியும்?"

"எத்தனை நாள் தனியா இருந்தாக் கணக்கு?"

"மூணு மாசம்னான் எபநேசர்."

"அதுக்கு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமா?"

"யாரு கையெழுத்தும் வேண்டாம். அவங்கவங்க ஃபாரத்துல அவங்கவங்க டிக் போட்டா முடிஞ்சுது. அந்த லட்சணத்துலதான் சட்டம் போட்டு வச்சிருக்கான்."

அம்புட்டையும் நான்தான் விளக்கினேன். எந்தச் சந்தேகம்னாலும் அவ எங்கிட்டத்தான் கேப்பா. தோசை ஒண்ணு கருகிப் போச்சு, அதை அவ தட்டுல போட்டுக்கிட்டா.

ஒரு வாரம் இருக்கும். ஞாயித்துக்கிழமை, நான் பேப்பர் பாத்துக்கிட்டு இருக்கேன், வந்து முன்னால நிக்கா. "ஏங்க, நாமளும் அப்படி எழுதிருவோமா?"ன்னு கேட்டா. எனக்குக் கோபம் வந்துருச்சு. "பொய் எழுதச் சொல்றியா? நான் யாரு தெரியுமா? சர்க்காருக்குப் பொய் எழுதினவனைப் பதினெட்டு வருஷம் பிடிச்சவன்"னேன். அதுக்கு அவ சொன்னா பாருங்க ஒரு வார்த்தை. "பொய் எழுத வேண்டாங்க. எனக்கும் பொய் எழுதப் பிடிக்காது. நான் நெசமாவே தனியாப் போயிருதேன்"னா.

தம்பி, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எபநேசர் பொண்டாட்டிக்கு வருமா இந்தப் புத்தி? பதினாறு வருஷம் எங்கூடக் குடும்பம் நடத்தினவளுக்குத்தான் வரும். நேர்மை! ஒரு டிக்குக்காக, அது பொய்யாயிரக் கூடாதுங்கிறதுக்காக, வீட்டை விட்டே போறேங்கா.

அப்புறம் பாருங்க வேகத்தை. டிசம்பர் முதல் வாரமே வீடு பிடிச்சுட்டா. யாழ்ப்பாணத்துக்காரங்க வீட்டு பேஸ்மென்ட். அவ வேலைக்கும் பக்கம், பிள்ளை ஸ்கூலுக்கும் பக்கம். நான் போயிப் பாத்து நாலு குறை சொல்லணும்னு நெனைச்சேன், அதுக்குள்ள முன்பணம் கொடுத்துட்டா. பனி கொட்டுது, ஒரு வேனை வரச் சொல்லி, தர்ஷினியும் அவளுமா பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. கறிவேப்பிலைத் தொட்டியைக் கூட விடல, குளிர்ல செத்துரும்னு கோட்டுக்குள்ள வச்சுக் கொண்டுபோனா. நான் வாசல்ல நின்னு, "எல்லாம் ஒழுங்காச் செய்யணும், அரைகுறையாச் செய்யப்படாது, இன்ஸ்பெக்ஷன் வந்தா தனிக் குடும்பம் மாதிரியே தெரியணும்"னு சொல்லிக் கொடுத்தேன். "தெரியும்ங்க"ன்னா.

சொன்னதைச் செய்யறதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது. முதல்ல தையல் மிஷின் கேட்டா. கொண்டுபோய்க் கொடுத்தேன். பொங்கலுக்கு முன்னால குத்துவிளக்கும் சாமி படமும் கேட்டா. சாமி படம் எதுக்குன்னு எனக்கே தோணிச்சு, ஆனா யோசிச்சுப் பாத்தா சரிதான், நம்மாளுக வீடுன்னா சாமி படம் இல்லாம இருக்குமா? பாக்கிறவனுக்குச் சந்தேகம் வந்துரும்ல? அப்புறம் பிள்ளையோட சின்ன வயசு போட்டோ ஆல்பம். இப்ப கிரைண்டர். அவ அம்மா வீட்டுச் சீதனம் இது. ஊர்லருந்து கொண்டு வரும்போது ஏர்போர்ட்ல கல்லைப் பாத்துட்டு, இது என்ன குண்டான்னு கேட்டான். நாந்தான் பேசி விடுவிச்சேன். சரி, பேசினது அவதான், நான் பக்கத்துல நின்னேன்.

எனக்கு மாவுக்கு என்னன்னு கேக்கீங்களா? கடையில பாக்கெட் மாவு விக்கான். புளிச்ச தண்ணி. நாலு நாள்தானே, பொறுத்துக்கிடுவோம்.

மூணு மாசம் முடிஞ்சு மார்ச்ல, லைப்ரரியில இலவசமா வரி போட்டுக் கொடுக்கிறாங்கன்னு மங்கை என்னைக் கூட்டிட்டுப் போனா. நான் எழுதி வச்ச ஃபாரம் இருக்கே, அதைக் கொடுத்து அனுப்பினாப் போதும்னேன். கேக்கல. போற வழியில, "பிரிஞ்சிருக்கோம்னு சொல்லணும், என்ன?"ன்னு ரெண்டு தடவை சொன்னா. ஸ்கூல் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி.

அங்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மா உக்காந்திருந்தாங்க. பரமேஸ்வரி டீச்சராம், ரிட்டயர் ஆனவங்களாம். டீச்சருக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்? நான் என் ஃபாரத்தை நீட்டினேன். மேல ஸ்கேல் வச்சுப் போட்ட கட்டத்தைப் பாத்தாங்க. கண்ணாடியை இறக்கி என்னைப் பாத்தாங்க.

"இது என்ன தம்பி, இந்தப் பெட்டி?"

"குடும்பத் தலைவர்."

"ஐயோ, இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்லை. அவவின்ர உழைப்பு அவவின்ர கணக்கு, உங்கட உழைப்பு உங்கட கணக்கு. அவவுக்கு நீங்கள் கையெழுத்து வைக்கேலாது."

தம்பிங்காங்க என்னை! நான் சட்டப் பிரிவு எதுன்னு கேட்டேன். சிரிச்சுட்டு என் காகிதத்தை அப்படியே ஓரமா வச்சுட்டு, புதுசாக் கம்ப்யூட்டர்ல கேக்க ஆரம்பிச்சாங்க. பேரு, பிறந்த தேதி, வந்த தேதி. உழைப்பு எவ்வளவுன்னு கேட்டாங்க. மூணு வாரச் சம்பளத்தைச் சொன்னேன். வேற? வேற இல்ல. "கலியாணம் கட்டினனீங்களோ, பிரிஞ்சு இருக்கிறியளோ?"ன்னாங்க.

கல்யாணமானவன்னுட்டேன்.

பின்ன என்ன சொல்ல? மங்கை பக்கத்துல உக்காந்து திரும்பிப் பாக்கா. அவ சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கு தம்பி, மறக்கல. ஆனா ஒருத்தர் நேராக் கேக்கும்போது வாய் அப்படித்தான் வருது. பதினாறு வருஷப் பழக்கம். என் பேர்ல இருக்கிற காகிதத்துல அந்த வார்த்தையை எப்படிப் போடுறது? செக்போஸ்ட்ல இருந்தவனுக்கு ஒரு அந்தஸ்து இல்லையா? நான் மாத்திச் சொல்லல.

அடுத்தது அவ முறை. டீச்சரம்மா, "தம்பி, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ. அவவை நான் தனியக் கேக்கிறன்"னாங்க. என்னை! வெளிய! நான் ஆயிரம் பேரை வெளிய நிக்க வச்சவன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக நாற்காலி ஒண்ணு, அதுல முழங்கால் நெஞ்சுல இடிக்க உக்காந்து பாக்கேன். மங்கை பேசுறா, பேசுறா, பேசிக்கிட்டே இருக்கா. வீட்டுல நாள் பூராவும் பத்து வார்த்தை பேச மாட்டா. வருமானம் சொல்லவா இம்புட்டுப் பேச்சு? ஒரு தடவை கண்ணைத் துடைச்சா. சம்பளத்துல பிடிச்சது கூடவோ என்னமோ. டீச்சரம்மா கம்ப்யூட்டரை விட்டுட்டு அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. வரி போடுற இடத்துல கையைப் பிடிக்கிறாங்க தம்பி, பாத்துக்கிடுங்க இவங்க நிர்வாகத்தை.

வெளிய வந்தவ முகம் தெளிஞ்சிருந்தது. "முடிஞ்சுதா?"ன்னேன். "முடிஞ்சுதுங்க"ன்னா. "மூணு மாசம் ஆயிருச்சுல்லா, எப்ப வீட்டுக்கு வாரே?"ன்னேன். "அடுத்த வருஷமும் ரிட்டர்ன் உண்டுல்லங்க"ன்னா. பாத்தீங்களா? நான் ஒரு வருஷத்துக்குத்தான் யோசிச்சேன், அவ அடுத்த வருஷத்துக்கும் யோசிக்கா.

என்ன தம்பி? என்ன சொன்னீங்க? "சார், அவங்க நெசமாவே..."யா? நெசமாவேதான்! அதைத்தானே அப்பலருந்து சொல்லிக்கிட்டு வாரேன். எபநேசர் மாதிரி பொய் கிடையாது, நெசமாவே. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல போன் பண்ணக் கூடாதுங்கா. வாடகையில அவ பங்கை இந்த மாசத்தோட நிறுத்தணுமாம், ஒரே கணக்குலருந்து ரெண்டு வீட்டுக்கு வாடகை போனா நல்லா இருக்காதாம். பிள்ளையைப் பாக்க ஸ்கூல் வாசலுக்குப் போனேன் ஒரு நாள். கூட நாலு பிள்ளைக. தர்ஷினி ஓடி வந்து, "அப்பா, இங்கல்லாம் வராதீங்க, சனிக்கிழமை நான் போன் பண்ணுதேன்"னுட்டுப் போயிட்டா. பதிமூணு வயசுதான், அதுக்கே ரகசியம் காக்கத் தெரியுது. யாரு பிள்ளை!

அப்படிப் பாக்காதீங்க. எனக்குப் பிடிக்காது அந்தப் பார்வை. அந்த டீச்சரம்மாவும் அப்படித்தான் பாத்தாங்க.

இப்ப ஒரு சின்னச் சிக்கல். அவ ஃபாரத்துல பிரிஞ்சிருக்கிறதாப் போயிருக்கு, என் ஃபாரத்துல கல்யாணமானவர்னு போயிருக்கு. ரெண்டும் மோதி, ரெண்டு பேருக்கும் வரி இலாகாவுலருந்து கடிதாசி வந்துருச்சு. எது உண்மைன்னு கேக்கான். முதத் தடவையா ஒரு கேள்வி கேட்டிருக்கான் பாருங்க, பரவாயில்ல, கொஞ்சம் மூளை இருக்கு. மங்கை போன் பண்ணி, "நீங்கதான் உங்க ஃபாரத்தைத் திருத்தணும்ங்க"ன்னா. அதட்டல்லாம் இல்ல. மெதுவாத்தான் சொன்னா. கூடவே, சொந்தக்காரங்களா இல்லாத வெளி ஆள் ஒருத்தர், 'இவரை எனக்குத் தெரியும், இவரு தனியாத்தான் இருக்காரு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்.

அவளுக்கு எழுதிக் கொடுக்க வரிசையில நிக்காங்க. வீட்டுக்காரம்மா ஒண்ணு, முதியோர் இல்லத்து மேனேஜர் ஒண்ணு, பிள்ளையோட டீச்சர் ஒண்ணு. குளிப்பாட்டிவிடுற ஒரு கிழவிகூட நடுங்குற கையால எழுதிக் கொடுத்திருக்கா. வந்து ஒரு வருஷம் ஆகல, இம்புட்டுப் பேருக்கு அவளைத் தெரிஞ்சிருக்கு. எனக்கு யாரு இருக்கா? எபநேசரைக் கேட்டேன். "அண்ணாச்சி, என் பேரு உள்ள போனா என் டிக்கைத் தோண்டிருவான் அண்ணாச்சி"ன்னு போனை வச்சுட்டான், கோழை. மாடியில ஒரு குஜராத்திக்காரன் இருக்கான், தினமும் லிஃப்ட்ல பாக்கான், என் பேரே தெரியாது அவனுக்கு. தனியாத்தான் இருக்கேன் தம்பி, அதுல ஒரு பொய்யும் இல்ல, ஆனா தனியா இருக்கேன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. என்ன சட்டம் இது? தனியா இருக்கிறவனுக்கு எங்கருந்து வரும் ஆள்?

இந்தா, அடுத்த ஸ்டாப் கடைசி. மங்கை வீடு அங்கருந்து பக்கம். உள்ள போகப் போறதில்ல. பக்கவாட்டு வாசல்ல கிரைண்டரை வச்சுட்டு மெசேஜ் போட்டுட்டுப் போகச் சொல்லியிருக்கா, நான் திரும்பினப்புறம் வந்து எடுத்துக்கிடுவாளாம். ஒழுங்குன்னா ஒழுங்கு.

தம்பி, என் சட்டைப் பையில ஒரு கவர் இருக்கு பாருங்க. நீங்களே எடுங்க, கூச்சப்படாதீங்க. என் ரெண்டு கையும் கிரைண்டர்ல இருக்கு, கையை எடுத்தா விழுந்துரும். பேனாவும் அதுலயே இருக்கு. ரெண்டு காகிதம் இருக்கா? முதல் காகிதம் என் ஃபாரத்தைத் திருத்துறது, வரிசையா நாலஞ்சு கட்டம் போட்டிருக்கும். மூணு வாரமாப் பைக்குள்ளயே வச்சுக்கிட்டுத் திரியுதேன். எடுக்கேன், வைக்கேன். அதுல மங்கை தபால்ல அனுப்பும்போதே பென்சில்ல லேசா ஒரு புள்ளி வச்சிருப்பா, அந்தக் கட்டத்துல நீங்க டிக் போட்டுருங்க. நானே போட்டிருப்பேன். பஸ்ஸு ஆடுதுல்லா. கையும் சும்மா இல்ல.

போட்டாச்சா? அழுத்திப் போட்டீங்களா? சரி.

ரெண்டாவது காகிதத்துல உங்க பேரு, கையெழுத்து. ஏன் முழிக்கீங்க? தெரியாத ஆளுக்கு எப்படிப் போடுறதுன்னா? இம்புட்டு நேரம் சொன்னேனே, இந்த ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு என்னை யாருக்குத் தெரியும்? அடியில ஒரு கேள்வி இருக்கும், 'இவரை எவ்வளவு காலமாத் தெரியும்?'னு. அதுக்கும் பொய் எழுத வேண்டாம். இந்த பஸ்ஸுல ஏறினதுலருந்துன்னு எழுதுங்க.

நம்புவான் தம்பி. இங்க சொன்னா நம்பிருவான்.